ஆறு நூல்

புதுச் சமையலறையை மாட்டிய முதல் நாள் இரவு, பாத்திர இழுப்பறை தானாகத் திறந்துகொண்டது. தண்ணீர் குடிக்கப் போன அம்மா அதில் முழங்காலை இடித்துக்கொண்டாள். மூடிவிட்டுத் திரும்பினால், மெதுவாக, யாரோ உள்ளிருந்து தள்ளுவதுபோல மறுபடி ஒரு சாண் வெளியே வந்தது. விளக்கைப் போட்டு இருவரும் நின்று பார்த்தோம்.

“பெட்டி முன்னாடி சாஞ்சிருக்கு” என்றாள் அம்மா.

“அந்தத் தம்பி ரசமட்டம் வெச்சுப் பாத்துதானேம்மா வெச்சாரு?”

“மட்டமே கோணலா இருந்தா?”

விருத்தாசலத்தில் எங்கள் வீடு நாற்பது ஆண்டு பழையது. அப்பா கட்டியது. சமையலறைக்குச் சிவப்பு ஆக்சைடு தரை. தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்பதால் வடகிழக்கு மூலையில் இருக்கும் துளையை நோக்கித் தரையைச் சரித்துவிட்டிருந்தார்கள். பின்னாளில் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டியபோது டைல்ஸும் அதே சரிவில் படுத்தது. ஒன்பதடிச் சுவருக்கு ஆறு நூல் இறக்கம். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது கொத்தனார் கணக்கு. ஆக, முக்கால் அங்குலம். நடக்கும்போது காலுக்குத் தெரியாது. பெட்டி வைக்கும்போதுதான் தெரியும்.

அந்தத் தரையில் அம்மா முதல் பதினைந்து ஆண்டுகள் குந்தி உட்கார்ந்து சமைத்தாள். கேஸ் வந்த பிறகு அப்பா ஒரு கடப்பைக் கல்லைச் சுவரில் பதித்து மேடை போட்டார். அப்பா நல்ல உயரம். மேடையை அவருடைய இடுப்புக்கு அளந்தார்கள். அவர் அந்த மேடையில் ஒரு நாளும் சமைத்ததில்லை. அம்மா நாலடி ஒன்பது அங்குலம். குழம்பைக் கிளறும்போது அவளுடைய வலது தோள் காதைத் தொடப்பார்க்கும். ஒரு மனைப்பலகையைப் போட்டு ஏறி நின்று சமைப்பாள். அந்தப் பலகையிலிருந்து இரண்டு முறை வழுக்கி விழுந்திருக்கிறாள். இரண்டாவது முறை மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது. மாவுக்கட்டோடு வீட்டிலிருந்த அந்த ஆறு வாரத்தில்தான், கடன் வாங்கியாவது இந்தச் சமையலறையை மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. திருமணமாகிப் பிரிந்து வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவும் நானும்தான் இந்த வீட்டில் இருக்கிறோம். தம்பி சென்னையில். அப்பா உயில் எழுதவில்லை. 1956 வாரிசுரிமைச் சட்டப்படி வீட்டில் மூன்று பேருக்கும் சம பங்கு. தம்பி நல்லவன்தான், சண்டைக்காரன் இல்லை. கடலூருக்குத் தன் காரில் கூட்டிப்போய் மாடுலர் கிச்சன் கடையில் என்னோடு உட்கார்ந்து பார்த்ததும் அவன்தான். அங்கேதான் மேடையின் உயரம் பற்றிய பேச்சு வந்தது.

“ஸ்டாண்டர்ட் சைஸ் போட்டுடுங்க” என்றான்.

“அம்மாவுக்கு எட்டாதுடா.”

“பொதுவா எல்லாருக்கும் ஒத்துவர்ற மாதிரி இருக்கட்டும்க்கா. நாளைக்கு வீட்டை வாடகைக்கு விட்டா?”

கடைக்காரர் கணக்குச் சொன்னார்: பெட்டி 28¼ அங்குலம், பிளாஸ்டிக் கால் 4 அங்குலம், கிரானைட் ¾ அங்குலம். மொத்தம் 33. இது எங்கே பிறந்த அளவு என்று அன்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மேடை 36 அங்குலம். நம்மூரில் அதைக் கொஞ்சம் குறைத்து 32, 33, 34 என்று போடுகிறார்கள். உடல்நல நோக்கில் எழுதுபவர்கள் சொல்வது வேறு: முழங்கையை மடக்கி நின்றால் அது இருக்கும் உயரத்திலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். அதாவது, அளக்க வேண்டியது சமைப்பவரின் முழங்கையை. அம்மாவின் முழங்கை 36 அங்குலத்தில் இருந்தது. அவளுக்கு 30 அங்குலம் போதும்.

இப்போது நாம் காணும் தொடர்மேடைச் சமையலறைக்கு முன்னோடி, ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. பெண்கள் எத்தனை எட்டு நடக்கிறார்கள், எத்தனை முறை குனிகிறார்கள் என்று கணக்கிட்டு, அந்த நேரத்தை மிச்சப்படுத்தத் திட்டமிட்டார். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. ஆனால் அது ஒரே ஓர் ஆள் நிற்கும் அறை. அந்த ஓர் ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பின்னால் வந்த பெண்ணியவாதிகள் அதைத்தான் கேட்டார்கள்: எட்டுகளைக் குறைத்தீர்கள், சரி, ஆளை மாற்றினீர்களா?

ஒரு நூற்றாண்டு கழித்து விருத்தாசலத்தில் நான் கேட்டது அதைவிடச் சின்னக் கேள்வி. இங்கே நிற்கப்போகும் ஆளை அளந்தீர்களா? அவ்வளவுதான்.

அம்மாவிடமே கேட்டேன். “எனக்கு எதுக்கு பாப்பா? இன்னும் எத்தனை நாளு? உனக்கு வசதியா வெச்சுக்க” என்றாள். எதிர்பார்த்த பதில்தான். என் உயரத்துக்கு 33 அங்குலம் சரியாக இருக்கும். ஆனால் காலையில் ஏழரைக்குப் பள்ளிக்குக் கிளம்பும் நான் அந்த மேடையில் நிற்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரிந்து வந்து சொந்தக் காலில் நிற்கும் பெண் என்று என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தக் கால் அம்மாவின் மனைப்பலகை மேல் இருந்தது.

கடைசியில் ஒரு வழி கண்டோம். கழுவுதொட்டியும் இழுப்பறைகளும் இருக்கும் ஆறடி 33 அங்குலத்தில் இருக்கட்டும். அடுப்பு வைக்கும் மூன்றடிக்கு மட்டும் பெட்டியின் கால்களைக் கழற்றிவிட்டு, பெட்டியை அடியில் துண்டுகள் கொடுத்துத் தரையில் உட்காரவைத்தால் 30 அங்குலத்துக்கு இறங்கிவிடும். கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். “பார்க்க நல்லா இருக்காது மேடம்.” தம்பி அமைதியாக இருந்தான். பணம் என்னுடையது.

மாட்ட வந்தவர் இருபத்தைந்து வயதுப் பையன், கூட ஓர் உதவியாள். அடுப்புப் பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “அக்கா, இது ஸ்டெப்பா வரும். சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?”

“எந்த சார்?”

“வீட்டு சார்…” என்று இழுத்துவிட்டு, ஆர்டர் சீட்டில் இரண்டாவதாக இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். தம்பி எடுத்து, “அக்கா சொல்றபடி செய்ங்க” என்றான். அவர் தலையாட்டினார். நான் ஏற்கெனவே அதைத்தான் சொல்லியிருந்தேன். என் வாய் வழியாக வந்தபோது அது யோசனை; அவன் வாய் வழியாக வந்தபோது உத்தரவு.

அடுப்புப் பெட்டியை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு, அன்று மாலைக்குள் கால் உள்ள பெட்டிகளை வரிசையில் நிறுத்தி இழுப்பறைகளையும் பொருத்தினார். கிரானைட் இன்னும் வரவில்லை. “சின்னச் சின்ன ஆட்டம் இருக்கும்க்கா. கல்லு ஏறினா வெயிட்ல செட் ஆயிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவுதான் இழுப்பறை திறந்தது.

அம்மா ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினாள். பின்பக்கம் விளிம்பு தெரிந்தது; முன்பக்கம் தண்ணீர் வழிந்தது. “தண்ணி பொய் சொல்லாது” என்றாள்.

அம்மா இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை செய்தவள். விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் ரயில் சந்திப்பும்தான். எங்களுக்குப் பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண் பக்கத்திலேயே கிடைத்ததால் இங்கே பட்டறைகள் வந்தன. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு கல்லூரியும் வந்தது. மின்கம்பத்து இன்சுலேட்டர், வீட்டு ஃபியூஸ் கட்டை, விநாயகர் பொம்மை எல்லாம் இங்கிருந்து போயின. உங்கள் பழைய வீட்டு மீட்டர்ப் பெட்டியில் இருந்த வெள்ளை ஃபியூஸ் கட்டையின் பிசிறை என் அம்மாவே எடுத்திருக்கலாம். எம்சிபி சுவிட்சுகள் வந்த பிறகு ஃபியூஸ் கட்டைக்குத் தேவை குறைந்தது. அம்மா வேலை பார்த்த பட்டறையும் ஓய்ந்தது.

அன்று இரவு தட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அம்மா சூளை அடுக்கும் கதையைச் சொன்னாள். பொருட்களைத் தீக்களிமண் பெட்டிகளில் வைத்து, பெட்டிமேல் பெட்டியாக ஆள் உயரத்துக்கு மேல் அடுக்குவார்கள். பலமுறை சூடுபட்ட பெட்டிகள் எதுவும் சரியாக இருக்காது. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வளைந்திருக்கும். அதனால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே விரல் தடிமனில் உருட்டிய களிமண் திரியை வைத்து அமுக்குவார்கள். எங்கே பள்ளமோ அங்கே திரி தடிப்பாக இருக்க வேண்டும். அடியில் ஒரு நூல் தவறினால் உச்சியில் ஒரு கை சாயும். 1,200 டிகிரிக்கு மேல் எரியும் சூளையில் ஓர் அடுக்கு சாய்ந்தால் பக்கத்து அடுக்குகளையும் சேர்த்துத் தள்ளிவிடும். பல நாள் உழைப்பு, பலருடைய கூலி எல்லாம் ஓட்டாஞ்சில்லாகிவிடும்.

“அடுக்குறது ஆம்பளைங்க. திரி உருட்டிக் குடுக்குறது நாங்க. எந்தப் பக்கம் எவ்வளவு மொத்தம் வேணும்னு எங்களுக்குத்தான் தெரியும். அவங்க கையை நீட்டுவாங்க, நாங்க சரியானதை வெப்போம். ரசமட்டம் அவங்க இடுப்புல இருக்கும். அது ஒருவாட்டி கீழ விழுந்துட்டா அப்புறம் நம்ப மாட்டோம். திருப்பி வெச்சுப் பாப்போம்.”

1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று அது சொன்னது. பட்டறையில் அடுக்குவதற்கு ஒரு பெயர், எடுத்துக் கொடுப்பதற்கு வேறு பெயர். பெயர் வேறானதால் கூலியும் வேறு. கட்டட வேலையிலும் இதே கதைதான். டியூப் லெவல் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையைச் சித்தாள் பிடித்திருப்பாள், மறுமுனையில் மேஸ்திரி பென்சிலால் கோடு போடுவார். இரண்டு முனையிலும் ஒரே தண்ணீர்தான். முப்பது ஆண்டுகள் முனை பிடித்த சித்தாளும் சித்தாளாகவேதான் ஓய்வு பெறுகிறாள்.

மறுநாள் காலை பையன் வந்ததும், “தம்பி, உங்க மட்டத்தை அப்படியே முன்னும் பின்னுமா திருப்பி வைங்க” என்றாள் அம்மா. வைத்தார். முதலில் நடுவில் நின்ற குமிழி, திருப்பிவைத்ததும் ஒரு பக்கம் ஓடியது. சரியான ரசமட்டம் எப்படித் திருப்பினாலும் ஒரே இடத்தைக் காட்டும். இதன் குழாய் எப்போதோ அடிபட்டு நகர்ந்திருந்தது. எத்தனை வீட்டுச் சமையலறைகளை இந்த மட்டத்தை நம்பி மாட்டினாரோ! பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. “இவ்வளவு நாளா இதை யாருமே சொல்லலம்மா” என்றார். அதற்குப் பிறகு என்னிடம் “சார்” பற்றிக் கேட்கவில்லை. அம்மாவிடமே எல்லாவற்றையும் கேட்டார்.

இழுப்பறையை, பெட்டியை எல்லாம் கழற்றினோம். முறையாகத் தொடங்கினோம். முதலில் தரையின் மேடான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மேட்டைச் செதுக்க முடியாது; பள்ளத்தில் இருப்பதைத்தான் மேட்டின் அளவுக்குத் தூக்க முடியும். எங்கள் வீட்டில் மேடு அடுப்படி மூலை. அங்கிருந்து கோடு போட்டு, கால் உள்ள பெட்டிகளின் கால்களைத் திருகி ஏற்றினார். சுவரில் திருகாணி போடப் போனவரை அம்மா நிறுத்தினாள். சுவர்ப் பூச்சு நடுவில் வயிறு தள்ளியிருந்தது. அப்படியே திருகினால் பெட்டி சுவரோடு ஒட்ட இழுபட்டு, கோணிக்கொண்டு, கதவுகளின் இடுக்கு மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் ஆகிவிடும். இடைவெளியில் துண்டு கொடுத்த பிறகே திருகினார்.

கால் கழற்றிய அடுப்புப் பெட்டிதான் நேரம் எடுத்தது. ஈரத்தில் ஊறும் என்பதால் அட்டையோ மரச்சீவலோ வைக்கக் கூடாது. மீந்திருந்த விட்ரிஃபைட் டைல்ஸைச் சதுரமாக வெட்டி, பக்கப் பலகைகளுக்கு நேர் கீழே இரண்டிரண்டாக வைத்தோம். பாரம் இறங்குவது பக்கப் பலகை வழியாகத்தான். நடுவில் முட்டுக் கொடுத்துப் பயனில்லை. அதன் மேல் நுணுக்கத்துக்கு மைக்காத் துண்டுகள். ஒரு மைக்கா ஒரு மில்லிமீட்டர். மூன்று வைத்தால் ஒரு நூல். மேட்டுப் பக்கம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மூன்றடி தள்ளியிருந்த பள்ளப் பக்கம் ஆறு. அம்மா தரையில் உட்கார்ந்து, பெட்டியின் மூலையை ஒரு கையால் ஆட்டிப் பார்த்து, “இன்னும் ஒண்ணு” என்பாள். பையன் கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. தானே குனிந்து உள்ளே தள்ளினாள்.

பிறகு தட்டில் தண்ணீர். நான்கு பக்கமும் விளிம்போடு நின்றது.

கிரானைட் வந்தது. சதுர அடிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ. எங்கள் ஒன்பதடி மேடைக்குத் தொண்ணூறு கிலோ. எல்லாம் ஒட்டி முடித்த பிறகு அம்மா விரல் முட்டியால் கல்லைத் தட்டிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனாள். சூளையிலிருந்து வரும் பீங்கானைத் தட்டிப் பார்த்தே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடும் காது அது. கழுவுதொட்டி மூலையில் நின்றாள். “இங்க வெத்தா இருக்கு.” குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பெட்டி விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் போய் வந்தது. தொட்டிக்காக வெட்டிய இடம். கல் ஏற்கெனவே மெலிந்த இடம். ஒரு கனமான குக்கரை வேகமாக வைத்தால் அங்கேதான் வெடிக்கும். இரண்டு மைக்காத் துண்டும் கொஞ்சம் சிலிக்கானும் போயின. மறுபடி தட்டினாள். சத்தம் மாறியிருந்தது, எனக்கே தெரிந்தது.

தமிழில் ஆப்புக்கு நல்ல பெயர் இல்லை. ஆப்பசைத்த குரங்கு என்கிறோம். ஆப்பு வைத்துவிட்டான் என்றால் கெடுத்துவிட்டான் என்று பொருள். ‘மட்டம்’ என்ற சொல்லும் அப்படித்தான். சமமாக இருப்பதற்கும் மட்டம். தரம் தாழ்ந்ததற்கும் மட்டம். என் திருமண வாழ்க்கையின் ஐந்து ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட சொல் “அனுசரிச்சுப் போ”. யாருடைய வளைவையும் யாரும் தொடக் கூடாது. இடைவெளி இருந்தால் அதில் என்னைச் செருக வேண்டும். எவ்வளவு மெல்லியதாக வேண்டுமானாலும் என்னைச் சீவிக்கொள்ளலாம். மேலே இருப்பவை ஆடாமல் நின்றால் குடும்பம் நன்றாக இருக்கிறது என்று பெயர். அதனால் முதலில் அந்த மைக்காத் துண்டுகளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா அவற்றைக் கையாண்டதைப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. எங்கே, எவ்வளவு, எதற்காக என்று தீர்மானித்து வைக்கும் கை ஒன்று. நசுங்கிக் கிடக்கும் துண்டு வேறொன்று. எங்களுக்குத் துண்டாக இருக்கத்தான் கற்றுக் கொடுத்தார்கள். கை ஏற்கெனவே எங்களிடம் இருந்ததை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மேடை சரியானதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்குத் தைரியமில்லை. 2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்களில் அந்த வேலையைத் தொட்டவர்களே ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். அவர்கள் செலவிட்டது 97 நிமிடம். இந்தச் சரிவை மைக்கா வைத்து நிரவ முடியாது. எங்கள் வீட்டில் ஆணே இல்லை. இருந்தும் அந்த 299 நிமிடத்தில் பெரும்பகுதியை அம்மா தலையில் போட்டிருந்தவள் நான். இப்போது காலைச் சமையல் அவளுடையது, இரவுச் சமையல் என்னுடையது. இரவில் அந்த 30 அங்குல அடுப்பின் முன் எனக்குத்தான் முதுகு கொஞ்சம் வளைகிறது. பரவாயில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் அவள் நிமிர்ந்தாள். நான் ஒரு வேளைக்குக் குனிகிறேன்.

பொங்கலுக்குத் தம்பி வந்தான். மேடையின் படியைத் தடவிப் பார்த்து, “நல்லாத்தான்க்கா இருக்கு” என்றான். அம்மா அவனை அடுப்பின் முன் நிறுத்தினாள். “பாலு பொங்குது, பாத்துக்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டாள். அவன் குனிந்து நின்றபடியே, “முதுகு வலிக்குதும்மா” என்றான். “வலிக்கும்” என்றாள் அம்மா.

வேலை முடித்துக் கிளம்பும் அன்று, பெட்டிக்கு அடியில் இருக்கும் இடைவெளியை மறைக்கும் பலகையை ஆணி அடித்து மூடப்போனார் பையன். அதை மூடிவிட்டால் டைல்ஸ், மைக்கா எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அம்மா தடுத்தாள்.

“ஆணி வேணாம் தம்பி. கிளிப் போடு. ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி கழட்டி, எது நகர்ந்திருக்குன்னு பாக்கணும்.”